மின்மினியும் மஞ்சள் பிள்ளையும்

அந்தக் காலத்தில் மனிதருக்கு உடம்பு சரியில்லை என்றால் காட்டுக்குத்தான் போவார்கள். எல்லா உயிர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. வைத்தியம் முழுக்க அவற்றின் கையில் இருந்தது. வெட்டுக்காயம் என்றால் முசிறு எறும்பு வந்து காயத்தின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் கடித்துத் தைத்துவிடும். இரத்தத்தில் கோளாறு என்றால் அட்டை ஒரு வாய் உறிஞ்சிப் பார்க்கும். உப்பு கூடியிருக்கிறது, இரும்பு குறைந்திருக்கிறது, நஞ்சு கலந்திருக்கிறது என்று அதன் நாக்கு சொல்லிவிடும். எலும்பு முறிந்தால் மட்டும் மின்மினியிடம் போக வேண்டும்.

அன்றைய மின்மினியின் வெளிச்சம் இன்றைக்கு நாம் பார்க்கிற வெளிச்சம் இல்லை. வெள்ளை வெளேரென்று, அசையாமல் எரியும். தோலைத் தாண்டும், சதையைத் தாண்டும். எலும்பு சுண்ணாம்பால் ஆனதில்லையா, அதில் மட்டும் முட்டி நின்றுவிடும். மின்மினிக்கும் பாறைக்கும் நடுவில் ஒருவன் கையை நீட்டினால், பாறைமேல் விரல் எலும்புகள் தனித்தனியாக நிழல் விழும். அந்த வெளிச்சம் வழியில் போகிறவர் மேல் விழுந்துவிடக் கூடாது என்றுதான் மின்மினி கருமலையில் ஒரு குகைக்குள் இருந்தது. வேலை இல்லாத நேரத்தில் இறகை இறுக மூடிக்கொள்ளும்.

கருமலை அடிவாரத்தில் பாவாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சடையன் மலைத்தேன் எடுக்கிறவன். பாவாயி இரண்டு பிள்ளை பெற்றாள். இரண்டும் அழவே இல்லை. இரண்டையும் ஓடைக்கரைப் புங்கமரத்தடியில்தான் வைத்தார்கள். அதன்பிறகு தண்ணீருக்குப் போகும்போது அவள் அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதில்லை.

ஒருநாள் தேன் எடுக்கப் போன இடத்தில் கொடி அறுந்து சடையன் பாறையிலிருந்து விழுந்தான். ஊர்க்காரர்கள் வேட்டியில் தூளி கட்டிக் குகைக்குத் தூக்கிப் போனார்கள். வழியெல்லாம் அவன் கால் எதிலும் பட்டுவிடாமல் பாவாயி பிடித்துக்கொண்டே வந்தாள்.

மின்மினி அவனைப் பாறைக்கு எதிரே படுக்கச் சொன்னது. இறகைத் திறக்கும் முன்னால், எப்போதும் சொல்வதைச் சொன்னது. "வயித்துல புள்ளையோட யாராச்சும் இருந்தா வெளிய போயிருங்க."

யாரும் அசையவில்லை. பிறகு பாவாயி சடையனின் காலை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த சடையன், அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்றாவது பிள்ளை உண்டாகியிருப்பது அவனுக்கு அப்படித்தான் தெரிந்தது.

பாறைமேல் விழுந்த நிழலில் கெண்டைக்காலின் எலும்பு பச்சை மூங்கிலை ஒடித்தது போல நார் விட்டு நின்றது. நேராக இழுத்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். எல்லோரும் தூளியைத் தூக்கும்போது மின்மினி வாசலுக்கு வந்தது.

"ஏன் வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லலே?" என்று பாவாயியைக் கேட்டது.

"சொன்னா நிலைக்க மாட்டேங்குது அக்கா" என்றாள் பாவாயி. பிறகு கேட்டாள், "உங்க வெளிச்சம் பட்டா என்ன ஆகும்?"

"பெரியவங்க உடம்பு முத்தினது. வெளிச்சம் உள்ள போய் அந்தப் பக்கம் வந்துரும். உள்ள இருக்கறது இன்னும் உறையாத பால் மாதிரி. போற வெளிச்சம் அங்கேயே தங்கிரும். தங்கி என்ன செய்யும்னு எனக்கே தெரியாது. தெரியாததை நான் செய்ய மாட்டேன்."

பாவாயி தலையாட்டிவிட்டுத் தூளியின் பின்னால் இறங்கிப் போனாள்.

சடையனின் கால் கூடிவந்தது. பாவாயியின் வயிறும் வளர்ந்தது. பிள்ளை உள்ளே புரளத் தொடங்கியதும், சடையன் நொண்டிக்கொண்டே போய்த் தூளிக்குப் பலாமரக் கட்டை வெட்டி வந்தான். "இப்ப வேணாம்" என்று பாவாயி அதை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்து வைத்தாள். ஆனால் அவன் இல்லாத நேரத்தில் அந்தக் கட்டையைத் தடவிப் பார்ப்பாள். அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளை உதைத்தால், "சரி, சரி, எந்திரிக்கிறேன்" என்று அதனோடு பேசுவாள்.

ஆவாரம்பூ காடெல்லாம் பூத்த சமயத்தில் அந்த உதை நின்றது.

காலையில் அவள் அதைக் கவனித்தாள். குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தாள். இடப்பக்கம் படுத்தாள், வலப்பக்கம் படுத்தாள். வயிற்றை உள்ளங்கையால் தட்டிக் கூப்பிட்டாள். உள்ளே ஒன்றும் இல்லை. சடையன் காட்டுக்குப் போயிருந்தான். உச்சிவெயிலில் அவள் ஒற்றையாகக் கருமலை ஏறினாள்.

குகை வாசலில் அவளைப் பார்த்ததுமே மின்மினிக்குப் புரிந்துவிட்டது. "வேணாம் பாவாயி. வீட்டுக்குப் போ" என்றது.

"அசைவு நின்னு போச்சு அக்கா."

"புள்ளைங்க தூங்கும்."

"அப்படித்தான் மொதத் தடவையும் நெனைச்சேன். ரெண்டாவது தடவையும் நெனைச்சேன்." பாவாயி குகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "செத்துப்போன புள்ளைக்குத் தாலாட்டுப் பாடிட்டு இருந்திருக்கேன் அக்கா, தெரியாம. வயித்தைத் தடவிக் கதை சொல்லிட்டு இருந்திருக்கேன். இந்தத் தடவை தெரிஞ்சுக்கிட்டாப் போதும். இல்லைன்னா இல்லைன்னு அழுதுட்டு எந்திரிச்சுப் போறேன்."

மின்மினியின் இறகுக்கு அடியில் வெளிச்சம் கசிவதும் மறைவதுமாக இருந்தது. பாவாயி அழவில்லை, கெஞ்சவும் இல்லை. போகவும் இல்லை.

"ஒரு கண் இமைக்கிற நேரம். அதுக்கு மேல கெடையாது" என்றது மின்மினி கடைசியில்.

அவள் பாறைக்கு எதிரே பக்கவாட்டில் நின்றாள். மின்மினி இறகைத் திறந்தது.

பாறைமேல் பிள்ளையின் நிழல் விழுந்தது. தலை கீழே இருந்தது. முதுகெலும்பு முல்லைச்சரம் போல வளைந்து கிடந்தது. நெஞ்சுக்கூடு கெளுத்திக் குஞ்சின் முள்ளைப் போல அவ்வளவு மெல்லியது. பாவாயி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். முகத்துக்குப் பக்கத்தில் மூடியிருந்த கை மெதுவாக விரிந்தது. சோற்றுப் பருக்கை மாதிரி ஐந்து விரல். விரிந்த கை மறுபடி மூடிக்கொண்டது.

"இருக்குது அக்கா" என்றாள் பாவாயி.

"மூடறேன்."

"இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் மட்டும்."

மின்மினி மூடியிருக்க வேண்டும். மூட வேண்டும் என்று அதற்குத் தெரியும். ஆனால் அத்தனை நாளும் அது பார்த்ததெல்லாம் ஒடிந்த காலும் பிசகின தோளும் நொறுங்கின விலாவும்தான். முழுசாக, ஒரு குறையும் இல்லாத ஒரு சின்ன உயிரை அது பார்த்ததே இல்லை. பாவாயி ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது, மின்மினி தன் இடத்தைவிட்டு முன்னால் நகர்ந்து வந்து, அவளைப் போலவே பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளை கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோயிற்று. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். குகை வாசலில் ஒரு கல்மேல் விழுந்திருந்த வெயில் அடுத்த கல்லுக்கு நகர்ந்துபோனதை இருவருமே கவனிக்கவில்லை.

வௌவால் ஒன்று சடசடவென்று பறந்தபோதுதான் மின்மினிக்கு நினைவு வந்தது. இறகை அறைந்து மூடியது.

"போ. யார்கிட்டயும் சொல்லாதே" என்றது. இருட்டில் அதன் குரல் நடுங்கியது. பாவாயி அன்றைக்கு அதைக் கவனிக்கவில்லை. இறங்கி வரும்போது வழியெல்லாம் ஆவாரம்பூவைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வந்தாள்.

பெண் பிள்ளை பிறந்தது. பிறந்ததும் ஓங்கி அழுதது. வாசலில் நின்றிருந்த சடையன் அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்து வீட்டு வெள்ளச்சிதான் பிரசவம் பார்த்தாள். அவளும் அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். "மூணு வீட்டுக்குக் கேக்குது உங்க மக அழுகை" என்று சடையனிடம் வந்து சொன்னாள். பாவாயி பிள்ளையை மார்போடு வைத்துக்கொண்டு, பாறையில் பார்த்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பலாக்கட்டைத் தூளி வீட்டுக்குள் வந்தது.

முதலில் பார்த்தவன் சடையன்தான். "நகமெல்லாம் மஞ்சளா இருக்குதே" என்றான்.

"நான் மஞ்சள் பூசிக் குளிச்சேன். என் கை பட்டிருக்கும்" என்றாள் பாவாயி. முந்தானையை நனைத்துப் பிள்ளையின் விரலைத் துடைத்தாள். மஞ்சள் போகவில்லை. நெற்றியைத் துடைத்தாள். மூக்கைத் துடைத்தாள். பிள்ளை சிணுங்கிக் கண்ணைத் திறந்தது. கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தது. முந்தானை வெள்ளையாகவே இருந்தது.

ஈர இலையில் வைத்து அட்டையைக் கொண்டுவந்தார்கள். அது பிள்ளையின் குதிகாலில் ஒரு துளி எடுத்தது. எடுத்துவிட்டு அசையாமல் கிடந்தது. வேறு யார் இரத்தமாக இருந்தாலும் அது உடனே சொல்லிவிடும்.

"எனக்கு எல்லா மஞ்சளும் தெரியும்" என்றது அட்டை. "கந்தகத்தோட மஞ்சள் தெரியும், அரிதாரத்தோட மஞ்சள் தெரியும். சீழோட மஞ்சளும் தெரியும். இது பித்தம். ஈரலுக்குள்ள அடங்கி இருக்க வேண்டியது, இரத்தத்துல ஏறி நிக்குது. இந்த ஈரலுக்கு அதைப் பிடிச்சு வைக்கத் தெரியலே. உள்ளுக்குள்ளயே எதோ அதை மிரட்டியிருக்கு."

"இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டான் சடையன்.

"பேரு கெடையாது. இதுவரைக்கும் வந்ததில்லையே. காமாலைன்னு வச்சுக்கலாம்." அட்டை இலையில் சுருண்டுகொண்டது. "வந்துருச்சு. இனிமே போகாது. அடுத்துப் பிறக்கிற புள்ளைங்களையும் தொட்டுப் பாக்கும்."

பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அதற்கு முன்னால் நோய்க்குப் பெயர் வைத்தாயிற்று.

பாவாயி எல்லாவற்றையும் சடையனிடம் சொன்னாள். குகைக்குப் போனது, கேட்டது, பார்த்தது, இன்னும் கொஞ்சம் என்று சொன்னது. அவன் வெளியே போய் மின்மினியைக் கூட்டிவந்தான்.

மின்மினி இறகை இறுக மூடிக்கொண்டு தூளியின் விளிம்பில் உட்கார்ந்தது. பிள்ளையின் கண்ணைப் பார்த்தது. "என் வெளிச்சம்தான்" என்றது. "வெளுப்பா உள்ள போனது, மஞ்சளாத் தங்கிருச்சு."

"எடுக்க முடியுமா அக்கா?"

"எனக்கு உள்ள போகத்தான் தெரியும். எடுக்கத் தெரியாது. எடுக்கத் தெரிஞ்சவர் ஒருத்தர்தான். அவரைக் கேட்டுட்டு வரேன். புள்ளைக்குப் பாலை நிறுத்தாதே." சொல்லிவிட்டுக் கிழக்கே பறந்தது.

அந்த நாளில் விடியற்காலை என்று ஒன்று கிடையாது. இருட்டாக இருக்கும்போதே சூரியன் ஒரே பாய்ச்சலில் மலைமேல் ஏறிவிடும், ஏறினதுமே உச்சிவெயில்தான். பிறந்த பிள்ளையை யாரும் வாசலுக்குக்கூடக் கொண்டுவர மாட்டார்கள், பூங்குருத்து கருகுவது போலக் கருகிப்போகும். அந்தச் சூரியனிடம்தான் மின்மினி போனது.

பாவாயி காத்திருந்தாள். பிள்ளை அழுவதை நிறுத்தி, முனகத் தொடங்கியது. பிறகு முனகலும் குறைந்தது. பால் குடிக்கும்போதே தூங்கிவிடும். கன்னத்தைச் சுரண்டுவாள், உள்ளங்காலைச் சுரண்டுவாள்; கண்ணைத் திறக்கும், இரண்டு இழுப்பு இழுக்கும், மறுபடி தூங்கும். பாலைப் பீய்ச்சி விரலில் தொட்டு உதட்டில் வைத்தாள். சடையன் வாசலுக்கும் தூளிக்குமாக நடந்துகொண்டே இருந்தான். நடக்கும்போது அவன் நொண்டுகிற சத்தம் மட்டும் வீட்டில் கேட்டது. மஞ்சள் முகத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது, வயிற்றுக்கு இறங்கியது, பாதம் வரைக்கும் வந்தது.

ஒரு சாயங்காலம் பாவாயி பால்துளியை உதட்டில் வைத்தாள். அது உள்ளே போகாமல் கன்னத்தில் வழிந்தது. அவள் அதைத் துடைத்தாள். இன்னொரு துளி வைத்தாள். சடையன் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் புங்கமரத்தடிக்குப் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இருட்டிலேயே கிளம்பியிருந்தார்கள். ஓடைக்கரைக்கு வந்தபோது முன்னால் போன ஆட்கள் நின்றுவிட்டார்கள்.

கிழக்கே வானம் வெளுத்திருந்தது. வெளுத்து, சிவந்து, கனிந்த பழம் போலச் சூரியன் மலை விளிம்பில் மெல்ல எட்டிப் பார்த்தது. பாயவில்லை. சுடவில்லை. மரத்து இலைகளின் மேலும் ஓடைத் தண்ணீரின் மேலும் பொன்னான ஒரு வெயில் விழுந்தது. அப்படி ஒரு வெயிலை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. ஆட்கள் கையை நீட்டி நீட்டி அதில் காட்டிப் பார்த்தார்கள்.

அந்த வெயிலுக்குள்ளிருந்து மின்மினி வந்தது. பறக்க முடியாமல் தடுமாறி வந்து, தாழ்ந்த கிளை ஒன்றில் உட்கார்ந்தது. அதன் உடம்பில் இருந்த வெள்ளை வெளிச்சத்தைக் காணவில்லை. வால்நுனியில் மட்டும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு பொட்டு மினுங்கியது.

"பாவாயி, வெளிய கொண்டுவா புள்ளையை" என்றது மூச்சு வாங்கிக்கொண்டு. "இந்த வெயில் தோலோட நின்னுரும், உள்ள போகாது. தோல்ல நின்னே மஞ்சளைக் கரைச்சுரும். நான் வச்சிருந்தது சூரியன்கிட்ட இருந்து உதிர்ந்த துண்டாம். அதைத் தேடித்தான் தினமும் அப்படிப் பாய்ஞ்சு வந்தாராம். திருப்பிக் கொடுத்துட்டேன். இனிமே நிதானமா வரேன்னு சொல்லிட்டார். காலையில புள்ளைங்களுக்குன்னு..."

அப்போதுதான் அது பாவாயியின் கையில் இருந்த துணியைப் பார்த்தது. முகத்தையும் சேர்த்து மூடியிருந்த துணி.

சடையன் மண்வெட்டியை ஓங்கினான். கிளைக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் பாவாயி வந்து நின்றாள்.

"கேட்டது நான்" என்றாள்.

"கொடுத்தது நான்" என்றது மின்மினி.

சடையன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, புங்கமரத்தில் முகத்தை வைத்துக்கொண்டான். அவன் அழுததைப் பாவாயி முதல்முறையாக அன்றுதான் பார்த்தாள்.

அவள் ஓடைக்கரையில், மரநிழல் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். பிள்ளையின் முகத்திலிருந்து துணியை விலக்கினாள். இளவெயில் அதன் நெற்றியில் விழுந்தது, மூடிய இமைமேல் விழுந்தது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. வெயில் சூடேறத் தொடங்கியதும் அவளாகவே துணியை மூடிப் பிள்ளையைச் சடையனிடம் கொடுத்தாள்.

அந்த மாதம் முடியும் முன்னால் வெள்ளச்சிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பிறந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அதன் கண்ணிலும் மஞ்சள் தெரிந்தது. அட்டை சொன்னது சரியாகப் போயிற்று. ஊரில் யாருக்கும் அதைப் பாவாயியிடம் சொல்ல வாய் வரவில்லை. அவளே கேள்விப்பட்டு, அடுத்த நாள் விடியும்போது வெள்ளச்சி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"புள்ளையைக் கொடு" என்றாள்.

வெள்ளச்சி பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள். மூன்று பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள் கையில் கொடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம் பாவாயிக்குப் புரிந்தது.

"சரி. நீயே தூக்கிட்டு வா. நான் எடம் காட்டறேன்" என்றாள்.

வெள்ளச்சி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, பிள்ளையை நீட்டினாள்.

பாவாயி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையின் துணியெல்லாம் களைந்து மடியில் போட்டுக்கொண்டாள். முகத்தில் வெயில் விழாமல் தன் கையால் மறைத்தாள். முதுகைக் காட்டினாள், வயிற்றைக் காட்டினாள். சூடு ஏறுவதற்குள் மூடிக் கொடுத்துவிட்டாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். மஞ்சள் முதலில் பாதத்தைவிட்டுப் போயிற்று, பிறகு நெஞ்சைவிட்டு, கடைசியாகக் கண்ணைவிட்டுப் போயிற்று. ஒருநாள் காலையில் பிள்ளை வெள்ளை விழியைத் திறந்து அவளைப் பார்த்தது. பசியில் அவள் மார்புப் பக்கம் முகத்தைத் திருப்பி வாயைத் திறந்தது.

பாவாயி பிள்ளையை வெள்ளச்சியிடம் கொடுத்தாள். "பசிக்குது அவனுக்கு" என்றாள். "இனிமே நான் வர வேண்டியதில்லை."

அன்று பொழுது சாயும் நேரத்தில் அவள் மின்மினியைத் தேடிப் போனாள். குகை காலியாக இருந்தது. கீழே புதர் ஓரத்தில் அந்த மஞ்சள் பொட்டு மினுங்கி, அவள் காலடிச் சத்தம் கேட்டதும் அணைந்தது.

"வெள்ளச்சி புள்ளை பொழைச்சுக்கிச்சு அக்கா" என்றாள் பாவாயி இருட்டைப் பார்த்து.

புதருக்குள் வெளிச்சம் வந்தது. உடனே போயிற்று.

"எதுக்கு மூடறீங்க? அது இனி ஒண்ணையும் துளைக்காது. ஒரு இலையைக்கூடத் தாண்டாது."

"தெரியும்" என்றது மின்மினி. "மனசுதான் கேக்க மாட்டேங்குது."

பாவாயி அங்கேயே உட்கார்ந்தாள். வெளிச்சம் வந்தது, போனது, வந்தது, போனது. முழுக்க இருட்டும் வரைக்கும் அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று முதல்தான் கண் மஞ்சளித்துப் பிறந்த பிள்ளையைத் தாய்மார்கள் காலை இளவெயிலில் காட்டுகிறார்கள். அன்று முதல்தான் மின்மினி தன் விளக்கைத் திறந்த கணமே மூடிக்கொள்கிறது.